இவன்தான் என்று சொன்னவள்

பிரிக்பீல்ட்ஸ்
25 ஆகஸ்ட் 2025

தனத்துக்கு,

இறைவன் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். என் வீட்டில் யாரும் நலமாக இல்லை.

கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உனக்கு நான் கடிதம் என்று எழுதியதே இல்லை. எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது. என் போனையும் என் பிள்ளை ரபீக்கின் போனையும் போலீஸ் விசாரணைக்கு எடுத்து வைத்திருக்கிறது. கடைப் போனில் உன்னைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், லாயர் தடுக்கிறார். "அந்த அம்மாதான், ஆன்டி, சாட்சியே. நீங்க பேசினா சாட்சியை மிரட்டினதா ஆயிடும்" என்கிறார். நான் மிரட்டவில்லை. கேட்கிறேன்.

நடந்ததாக எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல். ரபீக் இந்த மாதத் தொடக்கத்தில் அவன் வாப்பாவோடு மக்காவுக்கு உம்ரா போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பினான். போன செவ்வாய்க்கிழமை உங்கள் தாமான் குடியிருப்புக் கடைவரிசையில் சேலைக் கட்டு இறக்கப் போனான். உன் குடியிருப்பாளர் சங்கம் கேட்டு வாங்கி, போலீஸ் மூன்று மாதமாகச் சோதனைக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சக்கர ரோபோ அவன் எதிரே வந்து நின்றது. கேமரா வைத்த கழுத்தை உயர்த்தி அவன் முகத்தைப் பார்த்தது. இவன் கட்டைத் தோளில் வைத்தபடியே சிரித்தானாம். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வண்டி வந்துவிட்டது. போன வருஷம் உன் புருஷன் கன்னையா அண்ணனின் பையைப் பறித்து, அவரை ரோட்டில் தள்ளிச் சாகடித்த இரண்டு பேரில் மோட்டார் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவன் இவன் என்று மெசின் சொன்னதாம்.

மெசினை விடு. அதற்கு என் பிள்ளையைத் தெரியாது. இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் உன்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாராமே! நீ, "ஆமா, இவன்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாயாமே! உன் புருஷன் காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்ற பிள்ளையடி அவன்.

நாலு நாள் லோக்காப்பில் வைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். சோறு வைத்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்கிறான். ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், கேஸ் அப்படியே இருக்கிறது. படத்தில் இருப்பது யாரென்று தெரியாமல் சொல்லியிருப்பாய், அதை நான் நம்புகிறேன். பெயர் தெரிந்த பிறகு என்ன செய்தாய், தனம்? அதற்குப் பதில் எழுது.

ஜுபைதா


கிள்ளான்
29 ஆகஸ்ட் 2025

என் அன்பு ஜுபைதாவுக்கு,

உன் கடிதத்தை சாமி மேடையில் வைத்துவிட்டு இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்கிரீனில் இரண்டு படம் இருந்தது. இடது பக்கம், அன்றைக்கு ஏதோ ஒரு கடைக் கேமராவில் விழுந்தது. கண்ணாடி இல்லாத ஹெல்மெட், புருவத்திலிருந்து தாடை வரைக்கும்தான் தெரிந்தது. வலது பக்கம் ரோபோ எடுத்தது. ரபீக் என்றால் எனக்கு நெற்றியில் வந்து விழும் அந்த முடிதானே? "வெட்டுடா, ரோடு தெரியுதா உனக்கு?" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அந்த முடி அங்கே இல்லை. ஒரு பக்கம் ஹெல்மெட், ஒரு பக்கம் மொட்டை. இரண்டு பக்கமும் வெறும் முகம். ஜெயராஜ், "மெசின் புடிச்சிருச்சுக்கா. நீங்க ஆமான்னு சொன்னா போதும்" என்றார். பதினோரு மாதமாக அந்த முகத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். பையைப் பறிக்கும்போது என் புருஷனுக்குப் பக்கத்தில் நின்றவள் நான், பார்த்தவளும் நான் ஒருத்திதான். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதன் பிறகுதான் பெயரைச் சொன்னார்கள். யாரிடமும் எதுவும் பேசாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் வரிசையில் ஆட்களை நிறுத்தி அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. காய்ச்சலெல்லாம் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பயம்.

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஜெயராஜிடம் கேட்டேன். "கேஸ்ல உங்க வார்த்தையைத் தவிர வேற ஒன்னும் இல்லக்கா. என்.எஃப்.ஏ. போட்டு மூடிருவாங்க" என்றார். மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று எழுதி, என் புருஷனை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அவர் ஒரு பூனைக்குக்கூடக் கெடுதல் நினைத்ததில்லை, உனக்குத் தெரியும்.

வரும் இருபதாம் தேதி எங்கள் தாமான் டேவான் மண்டபத்தில் பொதுக்கூட்டம். ரோபோவைக் கிள்ளான் முழுக்க ஓட விடலாமா வேண்டாமா என்று நகராண்மைக்காரர்கள் ஊர் மக்களைக் கேட்கப்போகிறார்கள். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது முடியட்டும். அதுவரை பொறு, ஜுபைதா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
3 செப்டம்பர் 2025

தனத்துக்கு,

பொறு என்கிறாய். நான் பொறுப்பேன், ஊர் பொறுக்குமா?

அக்டோபர் கடைசியில் ரபீக்குக்கு நிக்காஹ் பேசியிருப்பது உனக்குத் தெரியும். பெண் ஷிரீன், ஸ்ரீ கெம்பாங்கானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லாவின் மகள். மனிதர் நேற்று வந்தார். சாயா குடிக்கவில்லை. "மாப்பிள்ளை மேல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கொலைக் கேஸ் திறந்து கிடக்கும்போது பொண்ணைக் கொடுத்தேன்னு நாளைக்கு யாரும் கேட்டுறக்கூடாது. கேஸை மூடிட்டு வாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் பாவம், யார் போனிலிருந்தோ எங்கள் கடைப் போனுக்குக் கூப்பிட்டு அழுகிறது.

கன்னையா அண்ணனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டவள் நான். அதற்காக என் பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறாயா? நிஜமாகச் செய்தவன் எங்கேயோ பந்திங் பக்கம் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான். ரபீக் மேல் கேஸ் இருக்கும்வரை அவனை யாரும் தேடக்கூடமாட்டார்கள். இதை யோசித்தாயா?

கூட்டத்துக்கு அடித்த பேனரில் உன் படத்தைப் போட்டிருக்கிறார்களாம். புருஷனைப் பறிகொடுத்த அம்மா மெசினுக்காகப் பேசப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பேசு. ஆனால் அது ஒரு பிள்ளையைத் தப்பாகப் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல். அவன் பெயர் வேண்டாம், அவன் ஊர் வேண்டாம். அதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய், "அவன் இல்லை" என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடு. உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜுபைதா


கிள்ளான்
8 செப்டம்பர் 2025

அன்பு ஜுபைதா,

ஸ்டேஷன் வாசல்வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேள். உன்னிடம் மறைத்துப் பழக்கமில்லை.

அவரைத் தள்ளிய அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது ரபீக்தான். பக்கத்துத் தாமானில் இருக்கும் என் தம்பிகூட அவனுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தான். சாயங்கால நெரிசலில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவ்வளவு சீக்கிரம் எப்படியடி வந்தான்? கையில் ஹெல்மெட் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது அதைத் துக்கம் என்று நினைத்தேன்.

இதை எழுதும்போதே என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அந்தப் பிள்ளையை என் மடியில் போட்டுத் தூங்க வைத்திருக்கிறேன். ஆனாலும் ராத்திரியும் பகலும் இதுவே மண்டையில் ஓடுகிறது. மெசின் வந்து சொல்கிறவரைக்கும் இந்த நினைப்பு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை, சத்தியம். இப்போது வந்துவிட்டது, போகமாட்டேன் என்கிறது. அத்தனை பெரிய மெசின் ஒன்றுமில்லாமலா இவனைப் போய்ப் பிடிக்கும்?

அன்றைக்கு அவன் எங்கே இருந்தான்? அதை மட்டும் எனக்குச் சொல்லிவிடு. நிம்மதியாகப் போய் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
12 செப்டம்பர் 2025

அடிப்பாவி!

போர்ட் கிள்ளானில் இருந்தான். குஜராத்திலிருந்து வந்த துணிச் சரக்கை எடுக்கக் கிடங்கில் நின்றுகொண்டிருந்தான். உனக்கு மறந்துவிட்டதா? "ஜுபைதா, அவரு எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்று எனக்குப் போன் போட்டுக் கத்தியது நீ. நான் ரபீக்கைக் கூப்பிட்டேன். "நீதான்டா பக்கத்துல இருக்கே, ஓடு" என்றேன். சரக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். அந்தச் சரக்கில் பாதி மழையில் நனைந்து வீணாகி, அவன் வாப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கிடங்கில் யாருக்கும் அவனை ஞாபகமில்லை. அவர்கள் கேமராவில் பழசெல்லாம் அழிந்துவிட்டதாம். என் போனில் பேசியது இருக்கிறதே என்றால், அந்த நேரத்தில் அவன் கிள்ளான் பக்கம் இருந்ததைத்தான் அது காட்டுகிறது என்கிறார்கள். ஓடி வந்ததுதான் என் பிள்ளை செய்த தப்பு! சாவகாசமாக மறுநாள் மாலையோடு வந்திருந்தால் இன்றைக்கு உனக்கு நல்லவனாகத் தெரிந்திருப்பான். தலையைக் குனிந்தானாமே! உன் அழுகையைப் பார்க்க முடியாமல் குனிந்தான், தனம். வீட்டுக்கு வந்து என் மடியில் விழுந்து அழுதான்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். என் பிள்ளைக்கு நான் சாட்சி சொல்ல வேண்டிய நிலையை உன் கையால் கொண்டுவந்தாய், அதுவும் உன்னிடமே. லாயர் சொன்னது சரி, உனக்கு எழுதியிருக்கவே கூடாது. இனி எழுதமாட்டேன். உன் மனசு சொல்வதைச் செய்துகொள்.

ஜுபைதா


கிள்ளான்
23 செப்டம்பர் 2025

என் ஜுபைதாவுக்கு,

கிழித்துப் போடாமல் படி. உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

சனிக்கிழமை டேவான் நிறைந்துவிட்டது. மேடைக்குக் கீழே ரோபோவை நிறுத்தி வைத்திருந்தார்கள். புது வண்டிக்கு வைப்பதுபோல் யாரோ அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் வேறு கட்டியிருந்தார்கள். எனக்கு முன்வரிசை நாற்காலி.

பேசியவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்தான். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, "இது வந்த பிறகுதான் நான் சங்கிலி போட்டுக்கிட்டு பாசாருக்குப் போறேன் லா. எடுத்துட்டுப் போனீங்கன்னா வீட்டுக்குள்ளதான் கிடக்கணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். லோரி ஓட்டும் விமலன் எழுந்து, "என்னை மூணு வாட்டி நிறுத்திச்சு. ஒவ்வொரு வாட்டியும் சாரி சொல்லிட்டுப் போயிருது. லோடு லேட்டானா என் பாஸ் சாரியை ஏத்துக்குவாரா?" என்றான். சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. என் பக்கத்திலிருந்த ஒருத்தர், "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்றார். நான் மடியில் வைத்திருந்த பேச்சுத்தாளிலும் அதையேதான் எழுதி வைத்திருந்தேன்.

பிறகு ரோபோவைச் செய்த கம்பெனிக்காரர் வந்தார். தனேஷ் என்று பெயர், நல்ல மரியாதையான பிள்ளை. பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினார். "இந்தச் சோதனையில தப்பான பிடிப்பு ஒன்னுகூட இல்லைங்க. ஒரு கேஸ்ல மட்டும் முகம் எழுபத்தொரு சதவீதம்தான் ஒத்துப்போகுதுன்னு சிஸ்டம் சொல்லுச்சு. அதை வச்சு எங்களால உறுதியா சொல்ல முடியாது. ஆனா நேர்ல பார்த்த சாட்சி இவன்தான்னு சொல்லிட்டதால, அதைச் சரியான பிடிப்புன்னு கணக்குல எடுத்துக்கிட்டோம்" என்றார்.

எழுபத்தொன்று என்று என்னிடம் யாருமே சொல்லவில்லையே! மெசின் பிடித்துவிட்டது என்றுதானே சொன்னார்கள். அது இவ்வளவு உறுதியாகச் சொல்கிறதே என்று நான் ஆமா சொன்னேன். நான் உறுதியாகச் சொன்னேன் என்று அவர்கள் அதற்கு முழு மார்க் போட்டுவிட்டார்கள். நடுவில் உன் பிள்ளை லோக்காப்பில் கிடந்திருக்கிறான்.

பேச்சுத்தாளை நாற்காலியிலேயே போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். "அந்தச் சாட்சி நான்தான். மெசினை நம்பிச் சொன்னேன். மெசின் சொல்லாட்டி நான் சொல்லியிருக்கமாட்டேன். நீங்க புடிச்சது என் வீட்டுல வளர்ந்த பிள்ளை, எனக்கே அவனைத் தெரியாமப் போச்சு" என்றேன். உன் பெயரோ அவன் பெயரோ சொல்லவில்லை. ஜெயராஜ் குனிந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், "அப்ப உங்க வீட்டுக்காரரைக் கொன்னவன யாருக்கா புடிப்பா?" என்று கத்தினாள். மைக்கைக் கொடுத்துவிட்டேன். முடிவைத் தள்ளி வைத்துவிட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். ஜெயராஜ் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "அவன் இல்லன்னு சொல்றீங்களா, உறுதியா தெரியலன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ கேட்டது அதுவல்ல, எனக்குத் தெரியும். "அவன் இல்லை" என்று சொல்லத்தான் போனேன். கண்ணை மூடி அன்றைக்குப் பார்த்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லையடி. அந்தப் பாவியின் மூக்கு எப்படி, கண் எப்படி என்று பதினோரு மாதம் மனப்பாடமாக வைத்திருந்தேன். அது போய்விட்டது. ஹெல்மெட்டுக்குள் ரபீக் முகம்தான் வந்து நிற்கிறது. அவன் செய்திருக்கமாட்டான் என்று என் புத்திக்குத் தெரிகிறது. கண் கேட்கமாட்டேன் என்கிறது. போலீஸ்காரரிடம் கண் பார்த்ததைத்தானே சொல்ல வேண்டும்? பொய் சொல்ல வாய் வரவில்லை, நிஜம் எது என்றும் தெரியவில்லை. இனிமேல் நிஜமானவனையே என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாலும் எனக்கு அவனைத் தெரியாது.

ரபீக்கை விட்டுவிடுவார்கள். என் புருஷன் கேஸை மூடிவிடுவார்கள். வருஷத் திதிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. படத்துக்கு முன்னால் நின்று, "நான்தாங்க மூட வச்சேன், நம்ம ஜுபைதா பிள்ளைக்காக" என்று சொல்லிவிட்டேன். அவர் இருந்திருந்தால், "போடி, முதலிலேயே செய்திருக்க வேண்டியதுதானே" என்றிருப்பார்.

நிக்காஹுக்கு நான் வரலாமா? ஓரமாக உட்கார்ந்து பிள்ளையை வாழ்த்திவிட்டு வந்துவிடுகிறேன். நீ சொன்னால் வருகிறேன்.

உன் தனம்


பிரிக்பீல்ட்ஸ்
12 அக்டோபர் 2025

தனத்துக்கு,

கேஸை மூடிவிட்டதாகச் சொல்லி போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன்னைக் கூப்பிட எடுத்தேன், பேச முடியும் என்று தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கிஃபாயத்துல்லா வந்து சாயா குடித்துவிட்டுப் போனார். இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அது உன்னால் நடக்கிறது. யார் கேட்டாலும் நான் அதைச் சொல்வேன். டேவானில் நீ பேசியதை விமலன் போனில் பிடித்து, அது எங்கள் கடை வரைக்கும் வந்துவிட்டது. பார்த்து அழுதேன். அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து நிற்க நெஞ்சு வேண்டும். கன்னையா அண்ணனை நீ எதற்காக விட்டுக்கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

உன் கடிதத்தை ரபீக் படித்தான். இரண்டு தடவை படித்தான். "ஆன்டி வரட்டும்மா. முன்னால உட்காரட்டும். என்னை நாள் பூரா பார்க்கட்டும். பார்த்துப் பார்த்து அந்த ஹெல்மெட் மூஞ்சி போய், என் மூஞ்சி எனக்குத் திரும்பி வரட்டும்" என்றான். லோக்காப்பிலிருந்து வந்த பிறகு அவன் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

பிள்ளைக்கு மனசு பெரிசு. எனக்கு அவ்வளவு இல்லை. மூன்று வாரம் காத்திருந்து பார்த்துவிட்டேன், என் மனசு மாறவில்லை. நீ பொய் சொல்லியிருக்கலாமே என்று இருக்கிறது. "அவன் இல்லை" என்று எனக்காக ஒரு பொய்! நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்தும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்து முன்னால் உட்கார்ந்தால், வந்தவர்கள் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் உன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் உன் பக்கம் திரும்பும்போது உன் கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று தேடுவேன். ஒன்றும் தெரியாவிட்டாலும் தேடுவேன். என் பிள்ளை கல்யாணத்தில் என்னால் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது.

அவன் பிரியாணி அனுப்பச் சொல்கிறான். அனுப்புகிறேன், சூடாக இருக்கும்போதே சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள், கதவைத் தாழ் போட்டுத் தூங்கு.

நீ வராதே, தனம்.

ஜுபைதா